தாசில்தாருக்கு இழுப்பு

மருந்தின் அளவு, ஊசியின் நீளம், எந்த நோய்க்கு என்ன பெயர் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கால்நடை ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் ஓய்வு பெற்ற ஒரு கம்பவுண்டர் நின்று அதையெல்லாம் பேசினால், மரியாதைக்குக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரிப்பீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் சிரித்தேன். ஆகவே ஒரு நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டாக்டர் ஊரில் இல்லாத ஒரு பகலில் அதன் உயிர் என் கையில் வந்து விழுந்தது.

சித்தூர் ஜில்லாவுக்கு எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்த காலம். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. நகரிப் பக்கத்தில் ஒரு தாலுகா ஊரில் எனக்கு வேலை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பாதி ஊர் சென்னையோடு சேர வேண்டும் என்றது, பாதி ஊர் ஆந்திராவிலேயே இருப்போம் என்றது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கொடியும் தம்பி ஒரு கொடியும் பிடித்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பாஷையிலும் கோஷம் போடுவார்கள். சாயங்காலம் ஒரே கிணற்றில் குளிப்பார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி இரண்டு அறையும் ஒரு முற்றமும்தான். டாக்டர் கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடப் போயிருந்தார். வர இரண்டு நாள் ஆகும். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. டாக்டர் எழுதித் தராமல் அதில் ஒரு சொட்டு மருந்தைக்கூட நான் எடுக்கக் கூடாது. அது சட்டம்.

காலை பத்து மணி தாண்டியிருக்கும். ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"கம்பவுண்டரே, தாசில்தாருக்கு இழுப்பு வந்துடுச்சி! தூக்கிக்கினு வர்றாங்க!"

"யோவ், இது மாட்டாஸ்பத்திரி! எதிர்ல இருக்குதே பெரிய ஆஸ்பத்திரி, அங்க தூக்கிக்கினு போங்கய்யா!" என்று கத்தினேன்.

"மனுசன் இல்ல சார். ஏகாம்பரம் வூட்டு நாயி."

ஏகாம்பரத்தை எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் பியூன். காக்கிச் சட்டைக்கு மேலே குறுக்கே பட்டை, அதில் பித்தளை வில்லை. மகளைச் சூளூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தபின் அந்த வீட்டில் அவரும் மனைவி சரசம்மாவும் ஒரு செவலை நாட்டு நாயும்தான். அதற்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார் என்று ஒருநாள் கேட்டிருக்கிறேன். "ஆபீசுல தாசில்தார் சொன்னா நான் ஓடறேன். வூட்டுல நான் சொன்னா ஒரு தாசில்தார் ஓடட்டுமே சார்" என்றார். சொல்லிவிட்டு, இது ஆபீஸ் தாசில்தார் காதுக்குப் போகக் கூடாது என்று கெஞ்சினார்.

சரசம்மா வந்தாள். பழைய புடவை ஒன்றைத் தூளி மாதிரிக் கட்டி, ஒரு முனையை அவளும் மறுமுனையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பிடித்திருந்தார்கள். நடுவில் நாய். கால் நான்கும் கட்டைபோல விறைத்திருந்தன. உதடு இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. வாயோரம் நுரை. பின்னாலேயே தடியோடு ஏழெட்டுப் பேர்.

"வெறி புடிச்சிக்கிச்சி. அடிச்சிப் போட்டுடலாம் சார். கடிச்சிட்டா ஊரே போவும்."

"அது யாரையும் கடிக்கலை! தள்ளிப் போங்க!" என்று சரசம்மா கத்தினாள். அவள் கத்தியதும் நாய் ஒரு முறை வெட்டி இழுத்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் பயம். வெறிநாய் கடித்தவன் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாயை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். தடிக்காரர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்றுதான் மனசு ஓடியது. அவர்களைத் தடுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் ஒரு அடி பின்வாங்கியதில், கத்தரியும் பஞ்சும் வைத்திருந்த எனாமல் தட்டைத் தட்டிவிட்டேன். கல் தரையில் அது விழுந்த சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும்.

நாய் வில்லாக வளைந்தது. தலை பின்னால் போய் முதுகைத் தொடப் பார்த்தது. மூச்சு நின்றது. சரசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு மெல்லத் தளர்ந்தது, மூச்சு வந்தது. கண்ணைத் திருப்பி அவளைத் தேடியது. கண்டுபிடித்ததும் வால் நுனி மேசைமேல் இரண்டு தரம் தட்டியது.

அந்த இரண்டு தட்டல்தான் என்னை உலுக்கியது. வெறி இந்த அளவு முற்றிய நாய்க்குத் தன் வீட்டு அம்மாவை அடையாளம் கண்டு வாலாட்டத் தோன்றுமா? சத்தத்துக்கு இழுப்பு, இழுப்பு விட்டதும் நல்ல புத்தி. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கிற விஷம் இப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை.

"காலையில என்ன துன்னுச்சி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"பழைய சோறு துன்னுச்சி சார். நல்லாத் துன்னுட்டு வாலாட்டிக்கினு கொல்லைப் பக்கம் போச்சி. வரும்போதே காலு பின்னிக்கினு வந்துச்சி."

நேற்றுவரை, இன்று காலைவரை நன்றாக இருந்த நாய். நான் வாசலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்து, "எவன்யா மருந்து வெச்சது?" என்றேன்.

போலீஸ்காரன் கேட்கிற மாதிரி கேட்டேன். அதனால் போலீஸ்காரனுக்குக் கிடைக்கிற பதிலே கிடைத்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது ஆள் இல்லை, விஷத்தின் பெயர். எட்டியாக இருந்தால் ஒரு வழி, கடலைப் பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தாக இருந்தால் வேறு வழி. அவசரத்தில் கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன்.

"யாரு பேரையும் நான் எழுத மாட்டேன். கேக்கவும் மாட்டேன். என்ன மருந்துன்னு மட்டும் தெரியணும். தெரியாம நான் ஏதாவது குடுத்தா, இதைக் கொன்னவன் நானாயிடுவேன்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்க ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. முனிரத்தினம். கடலையும் கரும்பும் போடுகிறவர். ஏகாம்பரம் வீட்டுக் கொல்லையை ஒட்டியே அவர் நிலம். வியர்வை வழிந்தது.

"கம்பவுண்டரே, நரிக்கு வெச்சேன். கறித்துண்டுல. எட்டி விஷந்தான். இது அந்தாண்ட வரும்னு நெனைக்கலை, சாமி சத்தியமா நெனைக்கலை."

"எப்போ?"

"விடியக்காலையில."

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். எங்கே போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதற்குள் ஏகாம்பரம் ஆபீசிலிருந்து ஓடிவந்துவிட்டார். "சார், அய்யா கிட்ட ஜீப்பு கேட்டுட்டேன். குடுத்துட்டாரு. வாசல்ல நிக்குது. திருப்பதிக்குத் தூக்கிக்கினு போயிடலாம். பெரிய டாக்டருங்க இருக்காங்க."

சரசம்மாவும் என் கையைப் பிடித்தாள். "அனுப்பிடு நைனா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

இங்கேதான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அனுப்பிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? டாக்டர் இல்லை, உத்தரவு இல்லை. திருப்பதிக்கு அனுப்பினான் என்றால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இதற்கு முன் பாகாலாவில் வேலை பார்த்தபோது அப்படி ஒரு தரம் செய்திருக்கிறேன். ரயில்வே கார்டு ஒருவரின் நாய். மூச்சு விட முடியாமல் கொண்டுவந்தார்கள். தொண்டையில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. "திருப்பதிக்குக் கொண்டுபோங்க" என்று ரயிலேற்றிவிட்டேன். வழியிலேயே செத்துப்போனது. அந்தக் கார்டு திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சத்தத்துக்கே வில்லாக வளைகிற நாய், ஜீப் எஞ்சினின் இரைச்சலிலும் அந்தக் காலத்துச் சாலையின் குண்டு குழியிலும் வடமாலைப்பேட்டையைத் தாண்டாது. எனக்கு அது நிச்சயம்.

"ஏகாம்பரம், ஜீப்பைத் திருப்பி அனுப்பிடு. தூரமாப் போனப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. அதுவரைக்கும் தள்ளிக்கினு போங்க. நாயி இங்கயேதான் இருக்கும்."

"நீ பொறுப்பா சார்?"

"நான்தான் பொறுப்பு."

சொல்லிவிட்டேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன்.

அலமாரியில் குளோரல் மருந்து இருந்தது. ஜட்கா வண்டிக் குதிரைகளின் வயிற்றுவலிக்காக வைத்திருந்தது. இழுப்பை அடக்கித் தூங்கவைக்கும். கொஞ்சம் கூடிப்போனால் தூக்கத்திலேயே முடித்துவிடும். நாயை எடை போட வழியில்லை, தொட்டாலே இழுக்கிறது. சரசம்மாவைக் கேட்டேன். "தண்ணிக் குடம் தூக்குறியே, அந்தக் கணக்குல சொல்லு. இது எத்தனை குடம் கனம்?"

அவள் அழுகையை நிறுத்தி யோசித்தாள். "ஒரு குடத்துக்கு மேல சார். ரெண்டு குடம் இருக்காது."

குறைவான கணக்கையே எடுத்துக்கொண்டேன். வாயில் ஊற்றினால் புரையேறும் என்பதால் எனிமாக் குழாயில் பின்வழியாக ஏற்றினேன். மற்ற வேலையெல்லாம் மருந்து செய்யாது, நாமே செய்ய வேண்டும். ஜன்னல்களில் கோணிப்பை தொங்கவிட்டோம். முற்றத்தில் நின்ற மாடுகளின் கழுத்துமணிகளை அவிழ்த்தோம். செருப்பெல்லாம் வெளியே. யார் செய்தார்கள் என்கிறீர்கள்? தடியோடு வந்த அதே ஆட்கள்தான். விஷம் என்று தெரிந்ததும் அவர்கள் முகமே மாறிவிட்டது. ஒருவர் வாசலில் நின்று தெருவில் போகிற வண்டிக்காரர்களை எல்லாம் கையைக் காட்டி இறங்கி நடக்கச் சொன்னார். இன்னொருவர் கிணற்று ராட்டினத்தில் கீச்சுச் சத்தம் வருகிறதென்று அதற்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்.

அரைமணி நேரத்தில் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. அப்போதுதான் தூரத்தில் மேளம் கேட்டது.

ஊர்வலம். ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கிளம்பி, எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். எந்தக் கட்சி ஊர்வலம் என்று கேட்காதீர்கள். அந்த வாரம் இரண்டும் போயின. தப்பட்டை, கோஷம், ஒரு தகர ஒலிபெருக்கி. மேசைமேல் நாயின் தோல் சிலிர்க்க ஆரம்பித்தது.

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து, பட்டையைச் சரி செய்துகொண்டு வெறுங்காலோடு ஓடினார். நான் கோணியை விலக்கிப் பார்த்தேன். தெருமுனையில் ஊர்வலத்துக்கு எதிரே நின்று இரண்டு கையையும் தூக்கினார். தாலுகா ஆபீஸ் பியூன் என்று தெரிந்து முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். தமிழிலும் தெலுங்கிலும் அதையே சொல்லிக் கெஞ்சினார்.

"சாமி, சத்தம் போடாதீங்க! நிஸ்ஸப்தங்கா போண்டி! தாசில்தார் உசுருக்குப் போராடிக்கினு கீறாரு!"

ஊர்வலம் அப்படியே அடங்கியது. தலைவர் கதர்ச்சட்டைக்காரர், பல நாள் கோஷம் போட்டுக் குரல் கம்மிப்போனவர். பதறிப்போய் முன்னால் வந்தார். "அய்யய்யோ, காலையிலகூடப் பார்த்தனே! எந்த ஆஸ்பத்திரியில கீறாரு?"

ஏகாம்பரம் எங்கள் பலகையைக் காட்டினார். தலைவர் அதைப் படித்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"மாட்டாஸ்பத்திரியிலயா?"

"அது... எங்க வூட்டு நாயிங்க. அதும் பேரு தாசில்தார். எட்டி விஷம் துன்னுடிச்சி. சத்தம் கேட்டா இழுத்துக்கினு செத்துப்பூடும்னு கம்பவுண்டர் சொல்றாரு." கையைக் கூப்பினார். "நீங்க எந்த ராஜ்யத்துல வேணும்னாலும் எங்களைச் சேத்துக்கங்க சாமி. இந்த வாசல் மட்டும் தாண்டிப் போற வரைக்கும் கொஞ்சம்..."

பின்னால் சிலர் சிரித்தார்கள். ஒருவன் கோபமாக, "நாய்க்காக வாய மூடணுமா?" என்றான். தலைவர் திரும்பி அவனைப் பார்த்தார். ஒலிபெருக்கியை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தப்பட்டைக்காரரின் குச்சியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் செருகினார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

அந்தக் காட்சியை நான் கோணிப்பை இடுக்கு வழியாகப் பார்த்தேன். உச்சி வெயிலில், கொதிக்கிற மண்ணில், அத்தனை பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல நடந்து போனார்கள். கொடி காற்றில் படபடக்காமல் இருக்கச் சுருட்டிப் பிடித்திருந்தார்கள். கூட வந்த போலீஸ்காரர் மட்டும் இந்த அமைதியைப் பார்த்துப் பயந்துபோய், ஏதோ பெரிய கலவரத்துக்குத் திட்டம் என்று நினைத்து லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். தெரு முழுதும் கடந்து, அடுத்த மூலை திரும்பிய பிறகுதான் தப்பட்டை மறுபடி கேட்டது.

அதோடு முடியவில்லை. மத்தியானம் நாயின் மூச்சு மிக மெதுவாகிவிட்டது. மருந்து கூடிப்போயிற்றோ என்று பயந்தேன். விலா எலும்பு ஏறுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பின்னங்காலில் ஒரு நடுக்கம் வந்தது. "இன்னொரு தரம் மருந்து குடு சார், மறுபடி வருது" என்று சரசம்மா கெஞ்சினாள். ஏகாம்பரமும் கெஞ்சினார். குழாய் என் கையில் தயாராக இருந்தது. நான் கொடுக்கவில்லை. அந்தச் சின்ன நடுக்கம் அதைக் கொல்லாது, இன்னொரு அளவு மருந்து கொல்லக்கூடும். இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த எல்லா வேலையிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கடினமாக இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நாலு மணி வாக்கில் நாய் மேசையை நனைத்தது. விஷம் வெளியே போக ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன். சரசம்மா தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள். வெயில் தாழ்ந்தபோது அது தலையைத் தூக்கி, ஏகாம்பரத்தின் பித்தளை வில்லையை நக்கியது. "வணக்கம் அய்யா" என்றார் அவர். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

சொன்னபடி இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். பதிவேட்டில் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. உத்தரவில்லாமல் குளோரல் எடுத்தேன், இன்ன அளவு, இன்ன நேரம் என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு தரம் படித்தார்.

"செத்திருந்தா?"

"இதையேதான் எழுதியிருப்பேன் சார். கடைசி வரி மட்டும் வேற."

அவர் பேனாவை எடுத்து, "எனக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "வெறி இல்லைன்னு நீ நெனைக்கிறே. நானும் நெனைக்கிறேன். நாம ரெண்டு பேரும் தப்பா இருக்கலாம். பத்து நாள் இங்கயே கட்டி வை" என்றார். சரசம்மாவின் கையில் நாயின் நகம் பட்ட கீறல் ஒன்று இருந்ததை நான் கவனித்தும், ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மறந்துபோயிருந்தேன். வெட்கமாக இருந்தது. பத்து நாள் கட்டி வைத்தோம். தினமும் சரசம்மா சோறு கொண்டுவந்தாள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்தாம் நாள் அவிழ்த்துவிட்டேன். முற்றத்தைச் சுற்றி ஓடியது. அப்போது வாசலில் முனிரத்தினம் நின்றார். உள்ளே வரவில்லை. யார் பெயரையும் நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மேசையருகே நின்றிருந்த சரசம்மாவுக்கு ஜன்னலில் வந்த குரல் கேட்காமல் இருந்திருக்குமா? பத்து நாளாக அவள் அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

"ஏழு துண்டு வெச்சிருந்தேம்மா," என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அன்னிக்கி இங்கருந்து நேரா அங்கதான் போனேன். பொழுது சாயற வரைக்கும் தேடி ஆறு துண்டு எடுத்துக் கொளுத்திட்டேன். இனிமே வெக்க மாட்டேன். நரி துன்னா துன்னுட்டுப் போவட்டும்."

நாய்க்கு இதெல்லாம் என்ன தெரியும்? பக்கத்துக் கொல்லைக்காரர், தெரிந்த வாசனை. நேராகப் போய் அவர் முழங்காலில் முன்னங்காலைத் தூக்கி வைத்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். இப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் சிவந்து ஒரு அடி முன்னால் வைத்தார். சரசம்மா அவரைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"ஏண்ணா வெளிய நிக்கிறே? நீ வந்து வாயத் தொறக்கலைன்னா கம்பவுண்டருக்கு என்ன தெரியும்? ஒளிஞ்சிக்கினு இருந்திருந்தா யாரு உன்னைக் கேட்டிருக்கப் போறாங்க?" அவள் நாயின் முதுகைத் தட்டினாள். "தொடுண்ணா. பயப்படாதே. அது ஒண்ணும் பண்ணாது."

முனிரத்தினம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நாய் அவர் காதை நக்கியது. அவர் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.